கீழவடலிப் பள்ளிக்கூடம் மறக்கப் படித்த கதை

ஊருக்கு ஒரு புத்திசாலி இருந்தால் போதும் என்பார்கள். கீழவடலியில் அந்த ஒருவரும் பிழைப்புத் தேடி வெளியூர் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் ஊர் நடந்தது. பள்ளிக்கூடமும் நடந்தது.

பள்ளிக்கூடம் பெரிதல்ல. அஞ்சு வகுப்பு, ரெண்டு அறை, இருபத்துமூன்று பிள்ளைகள், ஒரு வேம்பு. தலைமையாசிரியர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே சொரிமுத்து சாரும் கோமதி நாச்சியார் டீச்சரும். நாலாவது ஆள் சத்துணவு அமைப்பாளர் பூலுடையார். அவருக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஆசிரியர் கூட்டத்துக்கு டீ கொண்டுவருகிறவர் அவர்தான் என்பதால், டீயோடு அவர் கருத்தும் வந்துவிடும்.

நாலு பேருமே நல்லவர்கள். மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து செய்து முடிப்பார்கள். "மரக்கன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றவும்" என்று ஒருமுறை வந்தது. ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். கன்று அழுகிச் செத்த பிறகும் ஊற்றினார்கள். நிறுத்தச் சொல்லித்தான் காகிதம் வரவில்லையே.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு, ஜனவரி ஒன்பதாம் தேதி ஒரு சுற்றறிக்கையும் ஒரு டேப்பும் வந்து சேர்ந்தன. டேப் என்பது சிலேட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். விரலால் தொட்டால் வேலை செய்யும், படமும் பிடிக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனித்தனியாக ஒரு மின்தொகுப்பு வைக்க வேண்டும் என்றது சுற்றறிக்கை. பிள்ளை எழுதியது, வரைந்தது, கணக்குப் போட்டது எல்லாவற்றையும் படமெடுத்து அதில் சேர்க்க வேண்டும். பிறகு பிள்ளையே அதைப் புரட்டிப் பார்த்து, நமக்கு முன்பு என்ன தெரியாது, இப்போது என்ன தெரியும், இன்னும் என்ன வேண்டும் என்று யோசித்து எழுத வேண்டும். நல்ல யோசனைதான். யோசித்தவர் கீழவடலியைப் பார்த்ததில்லை.

மொத்தம் ஒன்பது விதிகள். அதில் நாலு, கையெழுத்து, முத்திரை, தேதி, நகல் ஆகியவற்றைப் பற்றியவை. அந்த நாலும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறின. மீதி அஞ்சில்தான் கதை இருக்கிறது.

ஆனால் ஆவுடையப்பன் மூன்று தடவை வாசித்தது விதிகளை அல்ல, அடியில் தடித்த எழுத்தில் இருந்த கடைசி வரியை. மார்ச் இருபத்துமூன்றாம் தேதி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தொகுப்பில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தப் பள்ளி மேலவடலிப் பள்ளியோடு இணைக்கப்படும்.

அவருக்கு வியர்த்துவிட்டது. மேலவடலித் தலைமையாசிரியர் சங்கரநயினார் வேறு யாருமில்லை, ஆவுடையப்பன் பெண்டாட்டியின் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சங்கரநயினார் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் நாற்பத்தெட்டு இலை. அவியல் நாற்பத்தேழு இலைக்கு வந்து தீர்ந்துபோயிற்று. நாற்பத்தெட்டாவது இலையில் உட்கார்ந்திருந்தவர் ஆவுடையப்பன். "அவியல் இல்லாட்டி என்ன அத்தான், ரசத்தை ஊத்திப் பிசைஞ்சு அடிங்க" என்று மச்சினன் பல்லைக் காட்டினார். அத்தான் இலையை விட்டு எழுந்தவர்தான், அதோடு பேச்சு நின்றது. அவன் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று இவர், இவர் சொல்லட்டும் என்று அவர். தலைமையாசிரியர் கூட்டங்களில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கைக்கூட ஆவுடையப்பன் இதை வைத்துத்தான் நடத்துவார். "பந்தியில நாப்பத்தெட்டுப் பேரு. அவியல் நாப்பத்தேழு பேருக்கு. கிடைக்காதது எத்தனை பேருக்கு?" பிள்ளைகள் "ஒண்ணு" என்பார்கள். "அந்த ஒண்ணு யாரு?" "நீங்க சார்" என்று சொன்னால்தான் முழு மதிப்பெண்.

பள்ளியை இணைத்தால் தினமும் காலை ஒன்பது மணிக்கு மச்சினன் மேசைக்கு முன்னால் நின்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வணக்கம் சார் என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு விழுந்துவிடலாம்.

உடனே கூட்டம் போட்டார்.

"முதல் விதி. 'கருவியைப் பூட்டு உள்ள இடத்தில் பாதுகாப்பாக வைக்கவும்.' பூட்டு உள்ள இடம் நம்மகிட்ட எங்கவே இருக்கு?"

"தகரப்பெட்டி ஒண்ணு இருக்குல்லா சார்," என்றார் சொரிமுத்து.

"அதுக்குள்ள பிள்ளைங்க பழைய நோட்டுல்லா கெடக்கு," என்றார் கோமதி டீச்சர். "ஒண்ணாப்புல எப்படி எழுதுச்சு, ரெண்டாப்புல எப்படி எழுதுச்சுன்னு பாக்கதுக்கு, முந்தி இருந்த டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் நூலால கட்டி வெச்சது. அஞ்சு வருஷத்து நோட்டு."

"அதெல்லாம் இனிமே டேப்புல வந்திரும்லா டீச்சர். வெளிய எடுத்துப் போடுங்க."

வெளியே போட்டார்கள். பூலுடையார் அடுப்புக்கு எடுத்துப் போனார். இருபத்துமூன்று கட்டு நோட்டில் மூன்று நாள் சோறும் சாம்பாரும் ஒரு நாள் முட்டையும் வெந்தன. காலிப் பெட்டியில் டேப் மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

இரண்டாவது விதி கடவுச்சொல். "ஒவ்வொரு தொகுப்பும் கடவுச்சொல்லால் பூட்டப்பட வேண்டும். அதை யாரிடமும் சொல்லக் கூடாது." கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர் சொரிமுத்து என்று பெயர். அவர் வீட்டில் டிவி ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். அவரே இருபத்துமூன்று தொகுப்புக்கும் கடவுச்சொல் வைத்தார். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

"எனக்காவது சொல்லும்வே," என்றார் ஆவுடையப்பன்.

"யாரிடமும்னு போட்டிருக்கே சார்."

"நான் தலைமையாசிரியர்லா?"

"சரி சார், நீங்களே சொல்லுங்க. 'யாரிடமும்'ங்கிறதுல நீங்க வருவியளா, வரமாட்டியளா?"

ஆவுடையப்பன் யோசித்தார். வரமாட்டேன் என்றால் தான் ஒரு ஆளே இல்லை என்று ஆகிவிடும். மச்சினன் காதுக்குப் போனால் அதற்கு மேல் அவமானம் வேறு இல்லை. "வருவேன்வே, நல்லாவே வருவேன்," என்றார்.

"அப்ப சொல்ல முடியாது சார்."

அதோடு நிற்கவில்லை. கடவுச்சொல்லை அழுத்தும்போது பிள்ளைகளைத் திரும்பிக்கொள்ளச் சொன்ன சொரிமுத்து, தானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பதினாறு தடவை தப்பாகப் போய், பதினேழாவது தடவை திறந்தது.

மூன்றாவது விதி, "கற்றல் நிகழும் தருணத்தைப் படமெடுக்கவும்." இது எல்லாருக்கும் புரிந்தது. படிப்பு பிள்ளையின் மண்டைக்குள் போகிற நேரம் பார்த்து டக்கென்று பிடிக்க வேண்டும். எப்போது போகும் என்று தெரியாததால் சொரிமுத்து ஒவ்வொரு பிள்ளையாக எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப்பை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாம் வகுப்பு முத்துக்குட்டிக்கு எதிரே மட்டும் நாலரை நாள் உட்கார்ந்தார்.

"புரிஞ்சுதாலே?"

"இல்ல சார்."

"புரியதுக்குக் கொஞ்சம் முந்திச் சொல்லு. பட்டனை அமுக்கணும்லா."

அஞ்சாம் வகுப்புப் பேச்சித்தாய், மீதி வரும் வகுத்தல் கணக்கோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சொரிமுத்து டேப்பின் கண்ணை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "ஆ, வந்துட்டு சார்!" என்று துள்ளினாள்.

"என்னட்டி அவசரம்? நான் இன்னும் துடைச்சு முடிக்கவே இல்ல. புரிஞ்சதைத் திரும்ப உள்ள போடு."

"உள்ளதான் சார் இருக்கு."

"அப்ப வெளிய எடுத்துட்டுத் திரும்பப் போடு."

அவளால் முடியவில்லை. அடங்காத பிள்ளை என்று அவளைப் பற்றி முதல் குறிப்பு அன்றைக்கு எழுதப்பட்டது. கற்றல் நிகழும் படம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆகவே, பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்ததைச் செய்துகாட்டுகிற மாதிரி, தலைக்கு மூன்றாக அறுபத்தொன்பது படம் எடுத்து வைத்தார்கள். பேச்சித்தாய் வாசிக்கிறாள், எழுதுகிறாள், வகுக்கிறாள். முத்துக்குட்டி 'அ' எழுதுகிறான், 'ஆ' எழுதுகிறான், மூன்றாவது படத்தில் மூக்கைத் துடைக்கிறான்.

நாலாவது விதி, "மாணவர் தம் கற்றலைப் பற்றித் தம் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும்."

"ஒரு பிள்ளை சொல்லை இன்னொரு பிள்ளை எடுத்துட்டா அது சொந்தச் சொல்லு ஆகாதுல்லா சார்," என்றார் கோமதி டீச்சர்.

"எப்படி ஆகும்? நம்ம வேட்டியை அடுத்தவன் கட்டினா அது அவன் வேட்டியா?" என்றார் பூலுடையார், டீயை வைத்தபடி.

கோமதி டீச்சர் பொறுப்பானவர். நாலு நாள் உட்கார்ந்து, அஞ்சு வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்தும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் ஆயிரத்து நூற்றைம்பது சொல் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதிச் சுருட்டிப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஐம்பது சொல். அது அந்தப் பிள்ளைக்கே சொந்தம், மற்ற இருபத்திரண்டு பேர் தொடக் கூடாது.

'நான்' என்ற சொல் முத்துக்குட்டிக்கு விழுந்தது.

மற்றவர்களால் ஒரு வரிகூடத் தொடங்க முடியவில்லை. முத்துக்குட்டியின் செல்வாக்கு ஏறியது. ஒரு தடவை 'நான்' எழுதிக்கொள்ள ஒரு கை இலந்தைப்பழம் என்று வாடகை வைத்தான். 'கற்றேன்' யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அம்மை போட்டு வீட்டில் கிடந்தது. அது வரும்வரை கீழவடலியில் ஒருவரும் எதையும் கற்றதாக எழுத முடியவில்லை.

பேச்சித்தாய்க்குக் கிடைத்தவை உரல், எருமை, ஆனால், சுண்ணாம்பு, ஏன் என்று ஐம்பது. அவள் ரொம்ப நேரம் யோசித்துத் தன் தொகுப்பில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: "ஏன்?"

"ஐம்பது சொல் குடுத்தா நாப்பத்தொன்பதை மிச்சம் வெச்சிருக்கியே ஏட்டி," என்று கோமதி டீச்சர் கோபித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தின் கீழே 'நிறைவு பெறவில்லை' என்று முத்திரை விழுந்தது.

இப்படியாக பிப்ரவரி பாதி போய்விட்டது. அப்போதுதான் அஞ்சாவது விதியை வாசித்தார்கள். "மாணவர் முன்பு அறியாமல் இருந்ததும், பின்பு அறிந்ததும் தொகுப்பில் அருகருகே இருக்க வேண்டும்."

ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "பின்பு நம்மகிட்ட இருக்கு. அறுபத்தொன்பது படம் இருக்கு. முன்பு எங்கவே?"

"பிள்ளைங்க படிச்சு முடிச்சிட்டுல்லா சார். இனிமே அறியாம இருக்கதுக்கு எங்க போக?" என்றார் சொரிமுத்து.

 ஆவுடையப்பன் கண்ணுக்குள் மச்சினன் மேசையும், அதன்மேல் பதிவேடும், பதிவேட்டுக்குப் பின்னால் அந்தப் பல்லும் தெரிந்தன.

"மறக்கடிச்சிருவோம்," என்றார் கோமதி டீச்சர்.

மூன்று பேரும் அவரைக் கும்பிடாத குறை.

"மறந்ததைப் படம் எடுத்த பிறவு, திரும்பவும் சொல்லிக்குடுக்கணுமா டீச்சர்?" என்று கேட்டார் சொரிமுத்து.

"எதுக்குவே?" என்றார் ஆவுடையப்பன். "தெரிஞ்ச படம்தான் ஏற்கெனவே கையில இருக்கே. ஒரே வேலையை ரெண்டு தடவை பாக்கதுக்கா அரசாங்கம் சம்பளம் குடுக்குது?"

மறதி வகுப்பு ஆரம்பமாயிற்று. கோமதி டீச்சர் கணக்குப் போட்டார். தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. நாளைக்குப் பதிமூன்று வீதம் அழித்தால் பத்தொன்பது நாளில் ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லாமல் தீர்ந்துவிடும். கரும்பலகையில் முழுவதையும் எழுதி, கடைசி எழுத்திலிருந்து டஸ்டரால் மெல்ல மெல்ல அழிப்பார். பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். "போச்சா?" என்பார். "போச்சு டீச்சர்," என்று கோரஸாகச் சொல்ல வேண்டும்.

பூலுடையாரும் தன் பங்குக்கு, ஞாபகத்துக்கு நல்லது என்று பெயரெடுத்த வெண்டைக்காயைச் சாம்பாரிலிருந்து நீக்கினார். பத்தொன்பது நாளும் பூசணிக்காய். தலைவர் செய்தால்தான் பிள்ளைகள் செய்வார்கள் என்று ஆவுடையப்பனே முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போது நிற்பது மரியாதையில்லை என்று சொரிமுத்தும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு வாரம் கழித்து ஒரு சிக்கல் வந்தது. அதற்கும் கூட்டம் போட்டார்கள்.

"மறந்துட்டியான்னு கேட்டா ஆமாங்குதுங்க சார். எதை மறந்தேன்னு கேட்டா முழிக்குதுங்க."

"முழிச்சா மறந்துட்டுன்னு அர்த்தம் டீச்சர்," என்றார் ஆவுடையப்பன்.

"முதல்லயே தெரியாம இருந்திருந்தாலும் முழிக்கும்லா?"

"அதுவும் சரிதான். அப்ப எதை மறந்தான்னு அவன் வாயால சொல்லணும்."

"சொல்லிட்டா மறக்கலைன்னு ஆயிருமே சார்."

 பூலுடையார் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. யார் யார் எதை மறந்தாங்கன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருவோம். பிறவு அந்த நோட்டை எங்க வெச்சோம்னு மறந்துட்டாப் போதும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நோட்டும் அன்று மாலையே தொலைந்தது.

படிப்பில் கடைசியாக வரும் முத்துக்குட்டி மறதியில் முதலாவதாக வந்தான். அவனுக்குப் பென்சில் டப்பா பரிசு அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள மறந்துவிட்டான். முதல் வரிசையில் இருந்த பெரியவர்களும் சோடை போகவில்லை. பதினாறாம் நாள் ஆவுடையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடினார். பதினெட்டாம் நாள் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தபோது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் வரவில்லை. நாள்காட்டியில் மார்ச் இருபத்துமூன்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் திருப்புகிறோம் என்பது மட்டும் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள் 'முன்பு' படம் எடுத்தார்கள். எழுத்தைக் காட்டினால் இருபத்திரண்டு பிள்ளைகள் திருவிழாவில் தொலைந்தவர்கள்போல் முழித்தார்கள். அருமையான படங்கள். இருபத்துமூன்றாவதாகப் பேச்சித்தாய் வந்தாள்.

"ஏட்டி, இது என்ன எழுத்து?" என்றார் சொரிமுத்து.

"ழ சார்."

"தெரியாதுன்னு சொல்லு தாயி."

"தெரியுதே சார்."

"உன்னைப் பொய்யா சொல்லச் சொல்லுதேன்? மறந்துட்டு உண்மையைச் சொல்லு. கண்ணை மூடிப் பாரு."

"மூடினாலும் தெரியுது சார்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சார், நான் ஒண்ணாப்புல 'ழ'வைத் தலைகீழா எழுதின நோட்டு அந்தத் தகரப்பெட்டிக்குள்ள இருந்துதுல்லா? அதைப் படம் எடுத்தாப் போதுமே சார். எல்லாப் பிள்ளைங்க நோட்டும் இருந்துதே. யாரும் மறக்க வேண்டாமே."

"'நான்' முத்துக்குட்டி சொல்லு," என்றார் சொரிமுத்து. "அதை நீ ஏன் எடுத்தே?"

"அந்த நோட்டு எங்கவே?" என்று ஆவுடையப்பன் பூலுடையாரைக் கேட்டார்.

"பொங்கல் லீவுக்கு முந்தி சாம்பார் கொதிச்சுதுல்லா அண்ணாச்சி? அதுதான்."

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "முந்தியே சொல்லக் கூடாதா? சாம்பாரையாவது படம் எடுத்து வெச்சிருக்கலாமே!"

மார்ச் இருபத்துமூன்று வந்தது. அதிகாரி அம்மாளும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த படிவத்தைப் பிரித்து, "தொகுப்பைத் திறங்க சார்," என்றார்.

சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது. கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். 

"என்ன சார் ஆச்சு?"

"மறதி வகுப்புல நானும் பத்தொன்பது நாள் உக்காந்திருந்தேன் மேடம்," என்றார் சொரிமுத்து. குரலில் வருத்தம் பாதி, பெருமை பாதி. "நல்லாப் படிஞ்சிட்டு."

ஆவுடையப்பன் கண்ணுக்குள் மறுபடியும் என்னவோ தெரிந்தது. ஏதோ ஒரு மேசை, ஏதோ ஒரு பதிவேடு, ஏதோ ஒரு பல். எது என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் பயந்தார்.

அப்போது பேச்சித்தாய் எழுந்து வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். டேப்பை வாங்கி, தானே அழுத்தினாள். திறந்துகொண்டது. இருபத்துமூன்று தொகுப்பும் ஒரே சொல்லில் திறந்தன. கண்ணை மூடிக்கொண்ட சொரிமுத்து வாயை மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுத்துக் கூட்டி முணுமுணுத்துக்கொண்டேதான் அழுத்தியிருக்கிறார். முன் வரிசைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். அவர் வைத்த சொல் 'மறக்காதே'.

அதிகாரி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். டேப் படங்களைத் தேதிப்படி அடுக்கியிருந்தது. ஜனவரியில் பிள்ளை எழுதுகிறது, மார்ச்சில் முழிக்கிறது. அடுத்த பிள்ளை ஜனவரியில் வாசிக்கிறது, மார்ச்சில் முழிக்கிறது.

"என்ன சார், வளர்ச்சி தலைகீழா இருக்கே?"

ஆவுடையப்பன் பணிவாக டேப்பை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். படமும் தானே சுழன்று நேராக நின்றுகொண்டது. அவர் மறுபடி திருப்பினார். அதுவும் மறுபடி சுழன்றது. நாலு தடவை பார்த்துவிட்டு, "ஒத்துழைக்க மாட்டேங்குது மேடம்," என்றார்.

அதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். அதில் ஒரே கேள்விதான் இருந்தது. 'மாணவரிடம் மாற்றம் தெரிகிறதா? ஆம் / இல்லை.' புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எந்தப் பக்கமா மாற்றம்னு இதுல கேக்கலை," என்று தமக்குள் சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

இருபத்திரண்டு ஆம், ஒரு இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தரைக்கு மேல். அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இரண்டே மாதத்தில் பிள்ளைகள் இவ்வளவு மாறியிருக்கவில்லை. அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு பிள்ளையிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் இல்லை.

மாற்றம் இல்லாத ஒரே பிள்ளையின் பெயருக்கு எதிரே, 'மெதுவாகக் கற்பவர். தனிக்கவனம் தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து பேச்சித்தாயைத் தலைமையாசிரியர் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்காரவைத்துத் தனிக்கவனம் செலுத்தினார்கள். சொரிமுத்துவுக்கு டேப்பைத் திறந்து கொடுப்பது அவள் வேலையாயிற்று.

பள்ளி பிழைத்தது. அதற்கு மேலும் ஒரு நல்லது நடந்தது. மேலவடலியில் மாற்றம் நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் வந்திருந்தது. ஆகவே அந்தத் தலைமையாசிரியர் கீழவடலிக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

ஏப்ரல் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணி. கையில் நோட்டோடு சங்கரநயினார் வந்து வாசலில் நின்றார். பதினோரு வருஷத்தையும் ஒரே மடக்கில் விழுங்கினார்.

"வணக்கம் அத்தான்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவருக்குப் பதினோரு வருஷம் மின்விசிறியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்திருந்தது.

"வணக்கம். வாங்க, உக்காருங்க. நீங்க யாரு?"

சங்கரநயினாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அத்தான் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. கன்றுக்குட்டி முகம்போல் இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

"அத்தான், எல்லாத்தையும் மறந்துட்டியளா?"

"ஒண்ணு விடாம," என்றார் ஆவுடையப்பன் பெருமையாக. "பத்தொன்பதே நாள்."

"நீங்க பெரிய மனுசன் அத்தான். நான்தான் சின்னப்புத்தி." சங்கரநயினார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பனும் பதிலுக்குப் பிடித்துக்கொண்டார். கோமதி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பூலுடையார் டீயோடு ஓடிவந்தார்.

ஆவுடையப்பனுக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு. "அது சரி, நான் எதை மறந்தேன்?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதி வைத்த நோட்டையும் காணோம். மச்சினன் மட்டும் சட்டென்று கையை விட்டுவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"பந்தியில நாப்பத்தெட்டுப் பேரு சார்," என்றது மூலையிலிருந்து பேச்சித்தாயின் குரல். பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அவியல் நாப்பத்தேழு பேருக்கு."

ஆவுடையப்பன் விரலை விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கை போனார். விரல் போதாமல் மச்சினன் விரலையும் வாங்கி எண்ணினார். உதடு மெல்ல அசைந்தது.

"மிச்சம்... ஒண்ணு."

"ஆமா சார்."

"அந்த ஒண்ணு..."

"நீங்க சார்."

ஆவுடையப்பனின் காது முதலில் சிவந்தது, பிறகு மூக்கு சிவந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இலையை விட்டு எழுந்த அதே வேகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஏலே, ரசமா? எனக்கா ரசம்?"

"தருணம்! தருணம்!" என்று கத்திக்கொண்டு சொரிமுத்து டேப்பைத் தூக்கியபடி பாய்ந்தார். பட்டனை அமுக்கினார். திருப்பிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. படம் ஆடிப்போச்சு. ஒரே ஒரு தடவை திரும்ப மறந்திருங்க."

மூன்றாவது விதி அது. விதியை மீறுகிறவர் அல்ல ஆவுடையப்பன். பல்லைக் கடித்துக்கொண்டு, வகுப்பறைக்குப் போய் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். பயிற்சிக்கு வந்த மச்சினனும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தார். கோமதி டீச்சர் கரும்பலகையில் நாற்பத்தெட்டு இலை வரைந்துவிட்டு, டஸ்டரைக் கையில் எடுத்தார்.